தூரத்து டவர், கிட்டத்து டவர்

முசியே,

நீங்கள் வரவழைத்த ரீல் என் மேசைமேல் இருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரம். அதில் சுற்றிய நாடாவில் குழிக்கு ஒன்றாக ரேடியோச் சுருள்கள் உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் எள்ளில் பாதிகூட இராது. கூரியர்காரர் கொண்டுவந்தபோது வாசலில் நின்று உங்கள் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டார்.

“அவர் இல்லை” என்றேன்.

“எப்ப வருவாருங்க?”

“வரமாட்டார்.”

“அப்ப நீங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்க.”

போட்டேன். உறையைக் கிழித்து லேபிளைப் படித்தேன். சுருளின் மதிப்பு ஒன்பது நானோ ஹென்றி. உங்கள் நாலு இல்லை, என் ஒன்பது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துக்கமும் வரவில்லை. ரீலை மேசை ஓரத்தில் தள்ளிவைத்துவிட்டு, பழுதுக்கு வந்திருந்த ஒரு மிக்சியின் சுவிட்சை மாற்றிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சில நாளாக இப்படித்தான் இருக்கிறது. உங்கள் அடக்கத்தன்று மாதா கோயிலில் சாமியார் பேசிக்கொண்டிருந்தார். உங்கள் மகள் முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் ஒரு ‘ம்ம்ம்’ சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. எர்த் சரியில்லை, ஒரு கம்பியைத் திருப்பிப் போட்டால் போய்விடும் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. மண் போட்டேன். கை கழுவினேன். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். நீங்கள் குறுக்கே பேசிக் கெடுக்கவும் முடியாது.

நீங்கள் முதலில் என் கடைக்கு வந்தது உங்கள் பழைய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு. தெருவில் உங்களைச் சொல்தா வீட்டுக்காரர், அதாவது பட்டாளத்து வீட்டுக்காரர், என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்தவர், பிறகு அங்கேயே ஒரு ரேடியோ கம்பெனியில் வேலை பார்த்தவர், மனைவி போனபின் ஊர் திரும்பியவர் என்று எனக்குத் தெரியும். ‘ஐயா’ என்பதற்குப் பிரெஞ்சில் முசியே என்று கூப்பிட்டேனே தவிர, எனக்குப் பட்டாளத்துக்காரர்கள்மேல் பெரிய மரியாதை கிடையாது. என் அப்பா மில்லில் இருந்தார், மில் மூடியதும் வீட்டில் இருந்தார். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை. ரேடியோ, டிவி, செல்போன் என்று கையில் வந்ததையெல்லாம் பிரித்துப் பிரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் ரேடியோவைத் திறந்து, பல்குத்தும் குச்சியின் முனையில் செம்புத் தகடு ஒட்டிய என் கருவியைச் சுருளின் அருகே கொண்டுபோனேன். செம்பு அருகில் வந்தால் சுருளின் மதிப்பு கொஞ்சம் குறையும். அப்போது சத்தம் கூடினால் சுருள் பெரிது, குறைந்தால் சுருள் சிறிது. எதையும் கழற்றாமலே தெரிந்துவிடும்.

“இத யாரு சொல்லிக் குடுத்தா?” என்றீர்கள்.

“யாரும் இல்ல.”

“எங்க பட்டாளத்துல இதுக்குன்னே ஒரு குச்சி குடுப்பான். நீ பல்லு குத்துற குச்சியில செஞ்சிருக்க.”

“வேல நடக்குதுல்ல?”

“நடக்குதுய்யா. அதான் எரிச்சலா இருக்கு.”

அதன் பிறகு தினமும் வந்தீர்கள். நான் வரச் சொல்லவில்லை. நீங்களே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டீர்கள். கொஞ்ச நாளில் பிரான்சிலிருந்து கொண்டுவந்த, அலையை அளந்து திரையில் கோடாகக் காட்டும் அந்தக் கனமான அனலைசரையும் ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டீர்கள். என்னிடம் இருந்த கையடக்க அனலைசரை ஒருநாளும் நம்பியதில்லை. “அது பொம்மைப்பா” என்பீர்கள். இரண்டும் ஒரே கோட்டைத்தான் காட்டின. அதையும் நீங்கள் நம்பவில்லை.

சேதராப்பட்டுக் கம்பெனி வேலை உங்களால்தான் வந்தது. அதை நான் மறுக்கவில்லை. மீன்பிடிப் படகில் வைக்கும் ஒரு பெட்டி. அது பேசாது, கேட்க மட்டும் செய்யும். புயல் எச்சரிக்கையைச் செல்போன் டவர்கள் எல்லாப் போனுக்கும் அனுப்பும்போது, அந்தச் செய்தியைப் பிடித்து ஹாரன் அடிக்கும். எந்தக் கம்பெனி டவராக இருந்தாலும் பிடிக்க வேண்டும். டவருக்கு டவர் அலைவரிசை வேறு. எழுநூறில் ஒன்று, தொள்ளாயிரத்தில் ஒன்று, ஆயிரத்து எண்ணூறில் ஒன்று, அதற்கு மேலும் உண்டு. ஆன்டெனாவுக்கு அடுத்தபடியாக உட்கார்ந்து, வரும் குரலை முதலில் வாங்கிப் பெருக்குகிற எள்ளளவு சிப் ஒன்றுதான். அதன் வாயில் ஒரு சுருளும் ஒரு கெப்பாசிட்டரும். அவை இரண்டும் சரியாக இருந்தால் குரல் உள்ளே போகும், இல்லாவிட்டால் வாசலிலேயே திரும்பிவிடும். அந்த இரண்டையும் தேர்ந்தெடுப்பதுதான் நமக்குக் கொடுத்த வேலை.

முதல்நாள் கம்பெனியில் உங்களுக்கு நாற்காலி போட்டார்கள். என்னைப் பார்த்து, “இவர் உங்க ஹெல்ப்பரா சார்?” என்று கேட்டார்கள். நீங்கள் சிரித்தீர்கள். திருத்தவில்லை. நான் அதை மறக்கவில்லை, இப்போதும் மறக்கவில்லை.

சண்டை அந்தச் சுருளில் ஆரம்பித்தது. நீங்கள் நாலு நானோ போடச் சொன்னீர்கள். அப்படிப் போட்டால் திரையில் கோடு ஏறக்குறைய சமமாகப் படுக்கும். கீழ் அலைவரிசை, மேல் அலைவரிசை இரண்டுக்கும் நடுத்தரமான காது. நான் ஒன்பது என்றேன். மேலே காது மந்தமாகும், ஆனால் கீழே கூர்மையாகிவிடும். கடலில் தூரம் போகும் அலை கீழ் அலைவரிசைதான்.

“எந்த டவரு உயிரோட இருக்கும்னு நீயா முடிவு பண்ணுவ?” என்றீர்கள். “புயல் நாள்ல பாதி டவருல கரண்டு இருக்காது. எல்லாக் கதவையும் தெறந்து வை.”

“எல்லாக் கதவையும் அரையும்கொறையுமா தெறந்தா எதுலயும் ஆளு நுழைய முடியாது, முசியே.”

“கரைக்குப் பக்கத்துல இருக்கறவன் மனுஷன் இல்லியா?”

“கரைக்குப் பக்கத்துல இருக்கறவனுக்குப் போன் இருக்கு, கூப்புட ஆளு இருக்கு. கண்ணுக்குக் கர தெரியாத இடத்துல நிக்கிறவனுக்குத்தான் பொட்டி.”

“பிடிவாதக்காரன்.”

“நீங்க?”

“நான் படிச்சவன்.”

இதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். சொன்ன பதிலை எழுத முடியாது.

கடைசியில் நடுவில் ஒரு சுருள், நடுவில் ஒரு கெப்பாசிட்டர் என்று ஒத்துக்கொண்டோம். கடலில் சோதித்துப் பார்க்கப் பிள்ளைச்சாவடி மீனவன் நாகமுத்துவின் பைபர் போட்டை வாடகைக்குப் பேசினோம். பெட்டியில் பச்சை விளக்கு வைத்திருந்தோம். டவரின் குரலைப் படிக்க முடிகிறவரை எரியும், முடியாதபோது அணையும். முந்தின நாள் சாயங்காலம் நீங்கள் வீட்டுக்குப் போனதும் நான் சுருளை மட்டும் கழற்றி என் ஒன்பதை வைத்தேன். மறுநாள் காலை நீங்கள் எனக்கு முன்னால் வந்து, உங்களிடம் இருந்த சாவியால் திறந்து, கெப்பாசிட்டரை மட்டும் கழற்றி உங்களுடையதை வைத்தீர்கள். அனலைசரை வெளியே எடுக்கச் சோம்பல், இருவருக்குமே. சுருளைப் பார்த்து மதிப்பைச் சொல்ல முடியாது, அதன்மேல் ஒரு குறியும் இருக்காது. உங்கள் மாற்றம் மட்டும் இருந்திருந்தால் பெட்டி உங்கள் பக்கம் கேட்டிருக்கும். என்னுடையது மட்டும் இருந்திருந்தால் என் பக்கம். இரண்டும் சேர்ந்ததில் அது எந்தப் பக்கமும் கேட்கவில்லை.

முகத்துவாரம் தாண்டுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. நீங்கள் பெட்டியைத் தட்டினீர்கள். நான் ஆன்டெனா வயரைத் திருகினேன். அப்போது நாகமுத்துவின் லுங்கி மடிப்பில் இருந்த போன் அடித்தது.

“சொல்லு... ஆமா, கடல்லதான்... தேங்காயா? இங்க எங்கடி தேங்கா விக்கிது?... சரி, வரும்போது வாங்கியாறேன்.” போனை மடித்துவைத்துவிட்டு நம் இருவரையும் பார்த்தான். “பெரியவரே, என் போனு கிழிஞ்ச போனு. அதுக்கே தேங்கா வரைக்கும் கேக்குது. உங்க பொட்டி தூங்குதே?”

கரைக்கு வந்து மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியில் முதலில் நீங்கள் பார்த்தீர்கள். பிறகு நான். சுருளைச் சுற்றிப் புதுச் சால்டர் பளபளத்தது. கெப்பாசிட்டரைச் சுற்றியும் பளபளத்தது.

“உப்புக் காத்து” என்றீர்கள்.

“ஆமா. உப்புக் காத்துதான்” என்றேன்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு போர்டு என்று வைத்துக்கொண்டோம். உங்களுடையதை நான் தொடக் கூடாது, என்னுடையதை நீங்கள் தொடக் கூடாது. ஆனாலும் தினமும் காலையில் வந்து உட்கார்ந்ததும், “ராத்திரி உப்புக் காத்து ஏதாச்சும் அடிச்சுதாப்பா?” என்று கேட்காமல் அனலைசரைப் போடமாட்டீர்கள்.

எந்தப் போர்டு பெட்டிக்குள் போவது என்பது முடிவாகவே இல்லை. கம்பெனியில் பிரியா என்ற அந்த எஞ்சினியர் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். மழைக்காலத்துக்கு முன் படகுகளுக்குப் பெட்டி போக வேண்டும். நீங்கள் “பொறும்மா” என்பீர்கள். நானும் அதையேதான் சொன்னேன். நாம் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

பிறகு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். நான் வந்து பார்த்தேன். மூக்கில் குழாய் இருந்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை, எனக்கு உடம்பு விசாரிக்க வராது. வழக்கம்போல ஆரம்பித்தேன். உங்கள் நாலு நானோவில் எவ்வளவு இரைச்சல் ஏறுகிறது என்று மறுபடி அளந்ததைச் சொன்னேன். உங்களுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கொஞ்சம் எழுந்து உட்காருவீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, “சரிப்பா. உன் இஷ்டம்” என்றீர்கள்.

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை உங்கள் வாயில் நான் கேட்டதில்லை. எழுந்து வந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளவும் இல்லை. இப்போது அதே நிலைமை வந்தாலும் எழுந்துதான் வருவேன். என்னோடு சண்டை போட்ட மனிதர் பிச்சைக்காரனுக்குக் காசு போடுவதுபோல ஒரு சுருளை எனக்குப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் நீங்கள் இறந்துவிட்டதாகப் போன் வந்தது.

ஆகவே, ரீல் வந்தபோது லேபிளில் இருந்த ஒன்பதை நான் எப்படிப் படித்தேன் என்று உங்களுக்குப் புரியும். அந்த ‘உன் இஷ்டம்’ இப்போது கூரியரில் வந்திருந்தது. பிரியா கூப்பிட்டாள்.

“சார், காயில் ரீல் வந்துடுச்சா? ஃபிட் பண்ண ஆரம்பிக்கலாமா? அவர் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே ஆர்டர் போட்டுட்டார், உங்க இடத்துக்கு வரும்னார்.”

“பொறும்மா” என்றேன்.

“இன்னும் எதுக்கு சார்?”

எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. ஒன்பதுதான் சரி என்று நான் எப்போதும் சொன்னவன். ஆனால் எதிர்த்தவர் களைத்துப்போய் விட்டுக்கொடுத்த சுருளைப் படகுக்காரன் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. நீங்கள் ஒத்துக்கொள்ளாத எதையும் நான் சரியென்று முழுதாக நம்பியதில்லை போலிருக்கிறது. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கமாட்டேன்.

நேற்று பிள்ளைச்சாவடிக்குப் போனேன். நானே இரண்டு போர்டையும் கடலில் கொண்டுபோய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு. நாகமுத்து மணலில் வலையைப் பரப்பிப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“என்ன பெரியவரே, திரும்பவும் அதே பரிட்சையா? அதான் சொல்தா ஐயா பாத்துட்டாரே.”

“எப்ப பாத்தார்?”

“உங்களுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஒரு வாரம் இருக்கும். ஒத்த ஆளா ஆட்டோவுல வந்தார். ரெண்டு பொட்டியும் எடுத்தாந்தார். ஐயா, மூச்சு வாங்குது, வேணாம்னேன். ‘நீ போட்டத் தள்ளுடா’ன்னார்.”

“போனீங்களா?”

“போனோம். முகத்துவாரம் தாண்டுனப்புறந்தான் ரெண்டு பொட்டியயும் போட்டார். வழியெல்லாம் வாந்தி. வாயத் தொடச்சிக்கிட்டு வெளக்கையே பாக்குறார். கர மறைஞ்சுச்சு. கொஞ்ச நேரத்துல அவரு பொட்டி அணைஞ்சுபோச்சு. உங்களுது எரிஞ்சிக்கிட்டே இருக்கு. சரி, திரும்பலாமான்னேன். ‘இன்னும் போ’ன்னார். போனேன். அப்பவும் உங்களுது எரியுது. ‘இன்னும் போ’ன்னார். டீசல் பத்தாது ஐயான்னேன். அதுக்கப்புறந்தான் திரும்பச் சொன்னார்.”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. மொகம் செத்துப்போச்சு. என்னமோ பிரெஞ்சுல திட்டுனார், உங்களயா பொட்டியயான்னு தெரியல. ஆனா, பெரியவரே, முகத்துவாரத்துக்கிட்ட வந்தோம் பாருங்க, அங்க கரையோரமா அந்தப் புது டவரு நிக்கிதே, அது பக்கத்துல வந்ததும் உங்க பொட்டி பட்டுனு அணைஞ்சுடுச்சு. அவருது ஜம்முனு எரியுது. அப்ப சிரிச்சார் பாருங்க! அத்தன வாந்தி எடுத்த மனுஷன். என் முதுகுல ஓங்கி ஒரு அடி வச்சார். ‘தூரத்துல அவன், கிட்டத்துல நான்’னார்.”

வலையைத் தாண்டி அவன் பக்கத்தில் போனேன்.

“இத ஏன் என்கிட்ட சொல்லல நீ?”

“அவருதான் சொல்லாதன்னார். ‘நானே சொல்லணும்டா. அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லணும்’னார்.”

நடந்து வந்து பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. கிட்டத்தில் ஏன் அணைந்தது என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. காரணம் தெரிந்ததுதான். காதைக் கூர்மையாக்கினால் பக்கத்தில் நின்று கத்துபவனிடம் சிப் திணறும். திணறும்போது மெல்லப் பேசுபவன் குரலும் சேர்ந்து கெடும். இதை நான் மேசையில் பார்க்கவில்லை. மேசையில் டவர் இல்லை.

ஆக, ‘உன் இஷ்டம்’ பிச்சை இல்லை. நீங்கள் அளந்து பார்த்திருந்தீர்கள். சொல்வதற்கு மூச்சு இல்லை, அவ்வளவுதான். அல்லது எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியபின் பாதிச் சிரிப்போடு சொல்லலாம் என்று வைத்திருந்தீர்கள். எனக்கு இதிலும் ஒரு குறை உண்டு. நாகமுத்துவுக்குக் காட்டிய முகத்தை எனக்குக் காட்டியிருக்கலாம்.

இன்று காலை பிரியாவைக் கூப்பிட்டேன்.

“ஒன்பதையே போடும்மா. தூரத்துல நிக்கிறவனுக்குத்தான் முதல்ல கேக்கணும்.”

“ஓகே சார். அப்ரூவல்ல அவர் பேரையே போட்டுடட்டுமா? ஆர்டர் அவர் பேர்லதான் இருக்கு.”

“வேணாம். ஒன்பது என் முடிவு. என் பேர போடு. அவர் கடல்ல போய் அளந்து பாத்து ஒத்துக்கிட்டார்னு கீழ எழுது.”

கொஞ்ச நேரம் அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

“எழுதிட்டேன் சார். வேற ஏதாவது?”

“ஒரு குறை இருக்கு. கரையோர டவருக்குப் பக்கத்துல வந்தா பொட்டி திணறும். படகுக்காரங்களுக்கு அதத் தெளிவா சொல்லிடுங்க. முகத்துவாரத்துல இத நம்பாதீங்க, போனப் பாருங்கன்னு.”

“இது எப்ப கண்டுபிடிச்சீங்க சார்? நீங்க சொல்லவே இல்லையே.”

“நான் கண்டுபிடிக்கல. அவர் கண்டுபிடிச்சது. அத அவர் பேர்ல எழுது. முழுப் பேரும் எழுது.”

உங்கள் பிரெஞ்சு முதற்பெயருக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ஒரு எழுத்தில் அவள் தடுமாறினாள், இரண்டாம் முறை சரியாகப் போட்டாள். நாளைக்கு ரீலை எடுத்துப்போக ஆள் வருவார்.

மத்தியானத்திலிருந்து என் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் பெரிய சிக்னல் ஒன்றை வைத்து, டவர்போலக் கத்தவிட்டுப் பார்க்கிறேன். சிப்புக்குப் போகும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் திணறல் குறைகிறது, ஆனால் போகவில்லை. பெரிய சத்தம் வரும்போது மட்டும் சிப்பை ஒதுக்கிவிட்டு ஆன்டெனாவை நேரே உள்ளே விட ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்தால் தூரத்தில் எவ்வளவு போகும் என்று இன்னும் தெரியவில்லை. உங்கள் நாற்காலியில் அனலைசரை வைத்திருக்கிறேன், மேசையில் இடம் போதவில்லை.

கிட்டத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, முசியே. அளந்துகொண்டிருக்கிறேன்.